"அடியாத மாடு படியாது": நாய்க்கும் பிள்ளைக்கும் இது பொருந்துமா?

#1 பனங்காடு

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வாரமாக மனசு சரியில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

எங்கள் வீட்டில் கருப்பி என்று ஒரு நாட்டு நாய் இருக்கிறாள். ஐப்பசி மழையில் தெருமுனைப் பாலத்துக்கு அடியில் குட்டியாகக் கிடைத்தவள். இப்போது எட்டு மாதம். நாங்கள் வேலைக்குப் போய்த் திரும்பும்போது தினமும் ஹாலில் சிறுநீர் கழித்து வைத்திருப்பாள். "அடியாத மாடு படியாது" என்று அப்பா சொன்னார். பேப்பரைச் சுருட்டி அவரும் அடித்தார், நானும் அடித்தேன். "கருப்பி, இங்க வா" என்று கூப்பிடுவோம், ஈரத்தைக் காட்டுவோம், இரண்டு போடுவோம். ரொம்ப வலிக்கிற அடி இல்லை.

மூன்று வாரம் ஆயிற்று. ஹாலில் போவது நின்றுவிட்டது. இப்போது பீரோவுக்குப் பின்னால் போகிறாள். வெளியே கூட்டிக்கொண்டு போனால் எங்கள் கண்முன்னால் போகவே மாட்டேன் என்கிறாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் நடக்கிறாள். காலையில் அப்பா படிப்பதற்காகப் பேப்பரை விரித்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள்.

தப்பு என்று அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நான் கதவைத் திறந்ததுமே காதை மடக்கி, தலையைக் குனிந்து, ஓரக்கண்ணால் பார்ப்பாள். தெரிந்தும் ஏன் செய்கிறாள்? அடி போதவில்லையா, இல்லை அடித்ததே தப்பா?

#2 குதிரைவாலி

தம்பி, அடி போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அரைமனதாக அடித்தால் அதற்கு விளையாட்டாகப் படும். எங்கள் அப்பா ரொம்பக் கண்டிப்பானவர். அவருடைய பெல்ட்டுக்குப் பயந்துதான் நாங்கள் நாலு பேரும் படித்தோம். இன்று நாலு பேரும் நல்ல வேலையில் இருக்கிறோம். "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

#3 உப்பாறு

கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். அடியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிறுநீர்ப் பாதையில் தொற்று இருந்தால் எந்த நாயாலும் அடக்க முடியாது. அதோடு எட்டு மாதம் என்பது பெட்டைக்கு முதல் பருவம் வருகிற வயது. அப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போகும். ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். தரையைக் கழுவ அமோனியா வாடையுள்ள எதையும் ஊற்றாதீர்கள். அந்த வாடை அதன் மூக்குக்குச் சிறுநீர் மாதிரியே இருக்கும், திரும்பவும் அதே இடத்துக்குத்தான் வரும்.

எத்தனை மணிநேரம் தனியாக விடுகிறீர்கள்?

#4 பனங்காடு

காலை எட்டரை முதல் மாலை ஆறு வரை. எழுதிப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு நேரம் என்று உறைக்கிறது.

#5 கல்யாணமுருங்கை

முப்பத்தொரு வருடம் கல்லூரியில் உளவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பனங்காடு, கருப்பி ஒன்றுமே கற்கவில்லை என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. மூன்று வாரத்தில் அவள் நிறையக் கற்றிருக்கிறாள், அதுவும் பிசகில்லாமல். ஆள் பார்க்கும்போது சிறுநீர் போனால் ஆபத்து. பீரோவுக்குப் பின்னால் போனால் ஒன்றும் ஆகாது. "கருப்பி, வா" என்றால் அடுத்து அடி வரும். பேப்பர் சரசரத்தாலும் அடி வரும். நீங்கள் சொல்லித்தர நினைத்தது எதுவோ, அது அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த நொடியில் எது எதோடு ஒட்டிக்கொண்டதோ, அதைத்தான் எடுத்துக்கொண்டாள். மனிதக் குழந்தைகளிடமும் இதைப் பார்த்திருக்கிறேன்.

பி.எட். படித்தவர்களுக்கு அமெரிக்க உளவியலாளர் தார்ன்டைக்கின் பெயர் நினைவிருக்கும். 1898-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பசித்த பூனையை மரச்சட்டப் பெட்டிக்குள் அடைத்து, வெளியே மீனை வைத்தார். பூனை பிறாண்டும், கடிக்கும், சட்டத்துக்கு நடுவே உடம்பை நுழைக்கப் பார்க்கும். தற்செயலாகக் கயிறோ தாழ்ப்பாளோ இழுபட்டால் கதவு திறந்துகொள்ளும். மறுபடி அடைத்தால் முந்தைய தடவையைவிடக் கொஞ்சம் சீக்கிரம் வெளியே வரும். திடீரென்று "ஓ, புரிந்தது" என்ற கட்டமே இல்லை, நேரம் மெல்ல மெல்லத்தான் குறைந்தது. நல்ல விளைவு தந்த செயல் ஊன்றிக்கொள்ளும், கெட்ட விளைவு தந்த செயல் உதிர்ந்துபோகும் என்றார் அவர். இதைத்தான் விளைவு விதி என்று படிக்கிறோம்.

என் மாணவர்களில் பெரும்பாலோர் இதோடு நின்றுவிடுவார்கள். ஆனால் தார்ன்டைக் நிற்கவில்லை. பின்னாளில் மனிதர்களை வைத்துச் சோதித்தார். பதிலுக்கு "சரி" என்று சொன்னால் அந்தப் பதில் நன்றாக ஊன்றியது. "தவறு" என்று சொன்னால் அது அவர் எதிர்பார்த்த அளவுக்கு உதிரவில்லை. 1932-ல் தன் விதியின் இரண்டாம் பாதியைத் தானே திருத்திக்கொண்டார். முப்பது வருடத்துக்கும் மேல் தன் பெயரோடு நின்ற விதியை ஒருவர் இப்படி மாற்றிக்கொண்டதை நான் எப்போதும் மரியாதையோடுதான் வகுப்பில் சொல்வேன்.

இனி உங்கள் பேப்பருக்கு வருவோம். 1968-ல் ரிச்சர்ட் சாலமனும் கூட்டாளிகளும் நாய்க்குட்டிகளுக்கு முன்னால் இரண்டு தட்டு வைத்தார்கள். ஒன்றில் இறைச்சி, ஒன்றில் உலர்ந்த தீனி. இறைச்சியைத் தொட்டால் சுருட்டிய செய்தித்தாளால் ஒரு அடி, உங்கள் வீட்டு ஆயுதமேதான். சில குட்டிகளுக்கு வாய் வைத்த கணமே அடி, சிலவற்றுக்கு ஐந்து நொடி கழித்து, சிலவற்றுக்குப் பதினைந்து நொடி கழித்து. பிறகு பசியோடு தனியே விட்டுப் பார்த்தார்கள். உடனே அடிபட்டவை நாள்கணக்கில் இறைச்சியைத் தொடவில்லை. பதினைந்து நொடி தாமதித்து அடிபட்டவை சில நிமிடங்களிலேயே தின்றுவிட்டன. அடி என்னவோ எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், நடுவில் இருந்த இடைவெளிதான் வேறு.

நீங்கள் அடித்தது பல மணிநேரம் கழித்து. அதற்கு முந்தைய நொடியில் கருப்பி செய்தது என்ன? நீங்கள் கூப்பிட்டதும் ஓடி வந்தாள். அவளைப் பொறுத்தவரை அடி விழுந்தது அதற்குத்தான்.

அந்தக் குற்றப் பார்வையையும் சொல்லிவிடுகிறேன். 2009-ல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்பவர் பதினான்கு நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்னக் கூடாது என்று சொல்லப்பட்ட பிஸ்கெட்டை நாய் தின்றதா இல்லையா என்பது ஒரு பக்கம், அது தின்றுவிட்டது என்று எஜமானரிடம் சொல்லப்பட்டதா என்பது இன்னொரு பக்கம். காதை மடக்கித் தலை குனிவது நாய் உண்மையில் தின்றதைப் பொறுத்து வரவில்லை, எஜமானர் திட்டியதைப் பொறுத்து வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அந்தப் பார்வை இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. கருப்பி கதவடியில் காட்டுவது பயம். குற்றவுணர்ச்சி என்று பெயர் வைத்தது நாம்தான்.

#6 பனங்காடு

கூப்பிட்டதும் ஓடி வந்ததற்கு அடித்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. முதல் வாரத்தில் வாலை ஆட்டிக்கொண்டுதான் வந்தாள் அம்மா. இரண்டாவது வாரத்தில் வயிறு தரையில் உரச வந்தாள். மூன்றாவது வாரம் வரவில்லை. தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், புரியவில்லை.

#7 தேன்சிட்டு

கல்யாணமுருங்கை அம்மா, நாய் இழையில் பிள்ளையைக் கொண்டு வருவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு நாலு வயது. கடைக்குப் போனால் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் முட்டை சாக்லேட் வேண்டும் என்று தரையில் படுத்து உருளுவான். நான் அடிப்பதில்லை. பத்துத் தடவையில் எட்டுத் தடவை வாங்கியும் தருவதில்லை. கூட்டமாக இருக்கும்போது, மாமியார் கூட இருக்கும்போது, என்னால் முடியாமல் வாங்கிக் கொடுத்துவிடுவேன். இவ்வளவு கண்டிப்பாக இருந்தும் அழுகை மாதாமாதம் கூடிக்கொண்டே போகிறது. தெரிந்தவர் ஒருவர், "எதிர்மறை வலுவூட்டல் செய், அதாவது தண்டனை கொடு" என்கிறார். அப்படியா?

#8 கல்யாணமுருங்கை

மன்னிப்பெல்லாம் எதற்கு, இரண்டும் ஒரே பாடம்தான். முதலில் அந்தச் சொல். எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனை இல்லை. என் வகுப்பில் பாதிப் பேர் தேர்வில் இதில்தான் மதிப்பெண்ணைக் கோட்டை விடுவார்கள். வலுவூட்டல் என்று வந்தாலே ஒரு செயல் கூடுகிறது என்று அர்த்தம். பிடித்தது ஒன்று வந்து சேர்வதால் கூடினால் நேர்மறை, பிடிக்காதது விலகுவதால் கூடினால் எதிர்மறை. தண்டனை ஒரு செயலைக் குறைப்பது. ஸ்கூட்டரை நகர்த்தியதும் பக்க ஸ்டாண்டு அலாரம் கத்துகிறது, ஸ்டாண்டை மடக்கினால் நிற்கிறது, அதனால் மடக்கப் பழகுகிறோம். அது எதிர்மறை வலுவூட்டல்.

உங்கள் கடையில் இரண்டு பேர் கற்கிறார்கள். உருண்டால் சாக்லேட் வருகிறது என்று பையன் கற்கிறான், அது நேர்மறை. சாக்லேட் கொடுத்தால் அந்தக் கூச்சல் நிற்கிறது என்று நீங்கள் கற்கிறீர்கள், அது எதிர்மறை. ஜெரால்டு பேட்டர்சன் என்பவர் அமெரிக்காவில் ஒரிகனில் வீடு வீடாகக் குடும்பங்களைக் கவனித்து இந்தப் பின்னலைத்தான் எழுதினார். பெற்றவரும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பழக்கிக்கொண்டே இருக்கிறார்கள். இதில் உங்கள் குணத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பத்தில் எட்டுத் தடவை மறுக்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், கம்பியை அழுத்தினால் எலிக்குத் தீனி விழுகிற மாதிரி ஒரு பெட்டி வைத்திருந்தார். ஆராய்ச்சிக்காரராக வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் எலிகளுக்கான தீனி உருண்டைகளைத் தானே உருட்டிச் செய்வார், அது பெரிய வேலை. ஒரு சனிக்கிழமை மதியம் கணக்குப் பார்த்தபோது திங்கட்கிழமைக்குள் உருண்டை தீர்ந்துவிடும் என்று தெரிந்தது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் தராமல் நிமிடத்துக்கு ஒன்று என்று குறைத்தார். எலிகள் விட்டுவிடவில்லை, சீராக அழுத்திக்கொண்டே இருந்தன. எப்போதாவது மட்டும் தீனி பெற்றுப் பழகிய எலிக்கு அப்புறம் தீனியை அடியோடு நிறுத்தினாலும் அது சீக்கிரத்தில் ஓய்வதில்லை. பத்தில் எட்டு மறுப்பு உங்களுக்குக் கண்டிப்பு. அவனுக்கு அது "எந்தத் தடவை கிடைக்கும் என்று தெரியாது, அதனால் விடாதே" என்ற பயிற்சி.

அதனால் சாக்லேட் தருவதாக இருந்தால் கடைக்குள் நுழையும்போதே, அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கொடுங்கள். அழுகை தொடங்கிய பிறகு கிடையாது என்றால் மாமியார் இருந்தாலும் கிடையாது. ஒன்றை முன்கூட்டியே சொல்கிறேன், முதல் சில தடவை அழுகை இப்போது இருப்பதைவிடப் பயங்கரமாக இருக்கும். வழக்கமாகப் பலன் தந்தது திடீரென்று தராமல் போனால் எந்த உயிரும் முதலில் வேகத்தைக் கூட்டும். லிஃப்ட் வரவில்லை என்றால் நாம் பட்டனைப் பத்துத் தடவை அமுக்குகிறோமே, அது மாதிரி. அந்த உச்சத்தில் இளகிவிட்டால், "இவ்வளவு அழுதால்தான் கிடைக்கும்" என்ற அளவு அவனுக்கு நிலைத்துவிடும். தாங்க முடியாத நாளில் அவனைக் கடைக்குக் கூட்டிப்போகாதீர்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை.

#9 மருதநிலம்

வணக்கம். நான் மாடு வைத்திருப்பவன், காங்கேயம் பக்கம். தலைப்பில் மாடு வந்ததால் எழுதுகிறேன். நாயையும் பிள்ளையையும் பற்றிப் பேசத் தெரியாது.

எங்கள் அப்பாரு இந்தப் பழமொழியைச் சொல்லி நான் கேட்டதில்லை. காளைக்கன்றுக்கு மூக்கணாங்கயிறு போட்டு, அது ஆறிய பிறகு, கொஞ்ச நாளைக்குச் சும்மா கயிற்றைப் பிடித்து நடத்துவார். அப்புறம் வெறும் நுகத்தை மட்டும் கழுத்தில் வைப்பார். பக்கத்தில் எப்போதும் பழகின கிழட்டு எருது ஒன்று இருக்கும். கிழடு நடந்தால் இதுவும் நடக்கும், கிழடு நின்றால் இதுவும் நிற்கும். அதற்கடுத்து நுகத்தில் ஒரு கட்டையைக் கட்டி இழுக்கவிடுவார். அப்புறம் காலி வண்டி. பாரம் வைப்பது கடைசியில்தான். ஒருநாள் கன்று மிரண்டால் மறுநாள் திரும்பவும் கட்டைக்கே போய்விடுவார், அவசரப்பட மாட்டார்.

பதினாலு வயதில் முதல் தடவையாகக் கயிற்றை என் கையில் கொடுத்தார். வலப்பக்கம் திருப்ப இழுத்தேன், திரும்பியது. நான் இழுத்தபடியே இருந்தேன். அப்பாரு என் மணிக்கட்டில் தட்டி, "திரும்பிருச்சுல்ல, உடுடா" என்றார். எப்போது விடணும் என்பதைத்தான் அன்று முழுக்கக் கற்றுக்கொடுத்தார். அது தலையைத் திருப்ப நினைக்கிறபோதே, கழுத்து நரம்பு அசைகிறபோதே கயிறு தளர வேண்டும். ஒரு மாதத்தில் கயிற்றை இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. விரல் அசைந்தால் போதும், திரும்பும். இழுத்துக்கொண்டே இருக்கிறவன் மாட்டுக்கு மூக்கு மரத்துப் போகும், நாளைக்கு இன்னும் பலமாக இழுப்பான்.

அடித்துப் பழக்கின எருது ஒன்றைச் சந்தையில் வாங்கிவந்து நாங்கள் பட்டிருக்கிறோம். பார்க்க அடக்கமாகத்தான் இருந்தது. சாட்டை கையில் இருந்தால் நடக்கும், கீழே வைத்தால் நின்றுவிடும். பின்பக்கமாக ஆள் வந்தால் உதைக்கும். ஒருநாள் யாரோ துணி உதறிய சத்தத்துக்கு வண்டியோடு வாய்க்காலில் இறங்கிவிட்டது. துணி உதறுகிற சத்தமும் சாட்டைச் சத்தமும் அதற்கு ஒன்றுதானே.

#10 கல்யாணமுருங்கை

மருதநிலம் தம்பி, இந்த ஒரு பதிவை என் வகுப்பில் படித்துக் காட்டியிருந்தால் எதிர்மறை வலுவூட்டலுக்கு நான் மூன்று நாள் செலவழித்திருக்க வேண்டாம். கயிறு தளரும் நொடிதான் பாடம். கட்டை, காலி வண்டி, பாரம் என்று உங்கள் அப்பாரு ஏற்றிக்கொண்டே போனதைத்தான் ஸ்கின்னர் புறாக்களிடம் செய்தார். முழுச் செயலும் வரட்டும் என்று காத்திராமல், அதன் பக்கமாக வைக்கிற ஒவ்வொரு சின்ன அடிக்கும் தீனி தந்து நகர்த்திக்கொண்டே போனார்.

#11 குதிரைவாலி

எல்லாம் படித்தேன். மரியாதையோடு ஒரு கேள்வி. அடிக்கும் கண்டிப்புக்கும் பலனே இல்லை என்றால் உலகம் முழுக்க ஏன் காலங்காலமாக அதைச் செய்கிறார்கள்? சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போவதில்லையே. நான் மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒன்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன். நன்றாக எழுதியவனைப் பாராட்டினால் அடுத்த தேர்வில் இறங்குகிறான். மோசமாக எழுதியவனைக் கடுமையாகத் திட்டினால் அடுத்த தேர்வில் ஏறுகிறான். திரும்பத் திரும்பக் கண்ணால் பார்த்தது. இதை எப்படி மறுப்பீர்கள்?

#12 கல்யாணமுருங்கை

நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை. அது நிஜமாகவே நடக்கிறது. காரணம்தான் வேறு.

இதே வார்த்தையைக் கிட்டத்தட்ட அப்படியே டேனியல் கானெமன் என்ற உளவியலாளரிடம் சொன்னார் ஒருவர். இஸ்ரேல் விமானப்படையில் பறக்கக் கற்றுத்தரும் ஆசிரியர். அழகாகச் சுழன்று வந்தவனைப் பாராட்டினேன், அடுத்த தடவை சொதப்பினான். மோசமாகச் சுழன்றவனிடம் கத்தினேன், அடுத்த தடவை நன்றாகச் செய்தான். ஆகவே பாராட்டு கெடுக்கும், திட்டு திருத்தும் என்றார். கானெமன் அங்கேயே கூடியிருந்த ஆசிரியர்களை ஆளுக்கு இரண்டு நாணயம் முதுகுக்குப் பின்னால் இருந்த குறியை நோக்கி எறியச் சொன்னார். யாரும் யாரையும் பாராட்டவில்லை, திட்டவில்லை. முதல் எறி ரொம்ப நன்றாக விழுந்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது கொஞ்சம் மோசமாயிற்று. முதல் எறி ரொம்ப மோசமானவர்களுக்கு இரண்டாவது தேறியது.

தேர்வும் அப்படித்தான். ஒருவன் தன் வழக்கத்தைவிட ரொம்ப நன்றாக எழுதிய நாளில் திறமையோடு அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும். அடுத்த தடவை வழக்கமான இடத்துக்கு இறங்குவான். ரொம்ப மோசமாக எழுதியவன் வழக்கமான இடத்துக்கு ஏறுவான். நாம் நல்லதற்குப் பின் பாராட்டி, கெட்டதற்குப் பின் திட்டுகிறோம். அதனால் பாராட்டுக்கு உலகம் நம்மைத் தண்டிக்கிறது, திட்டுக்குப் பரிசு தருகிறது. ஒன்பது வருடம் இப்படிப் பரிசு வாங்கினால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? உங்கள் கண் உங்களை ஏமாற்றவில்லை. அடுத்த தேர்வுக்குப் பாதிப் பேரைத் திட்டாமல் விட்டுப் பாருங்கள், அவர்களும் ஏறுவார்கள்.

காலங்காலமாக ஏன் அடிக்கிறார்கள் என்றால், அடிக்கிற கையும் கற்கிறது. அடித்த நொடியில் சத்தம் நிற்கிறது, பிள்ளை உட்கார்ந்துவிடுகிறான். அடித்தவருக்கு உடனடிப் பலன். பீரோவுக்குப் பின்னால் நடப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது.

அடிக்கு விளைவே கிடையாது என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். 1966-ல் அஸ்ரினும் ஹோல்ஸும் அதுவரை நடந்த தண்டனை ஆய்வுகளைத் திரட்டி எழுதினார்கள். செயல் நடந்த நொடியிலேயே, ஒவ்வொரு தடவையும், தொடக்கத்திலேயே முழு வேகத்தில் தண்டித்தால் செயல் அடங்கும். உங்கள் பூனைக்கு அடுப்பு அப்படித்தான் சுட்டது. தாமதம் இல்லை, விதிவிலக்கும் இல்லை. அதோடு சூடு அடுப்பிலிருந்து வந்ததே தவிர வீட்டுக்காரம்மா கையிலிருந்து வரவில்லை, அதனால் பூனை அவரை வெறுக்கவில்லை. எந்த அப்பாவால் இப்படித் தண்டிக்க முடியும்? வீட்டில் நடப்பது தலைகீழ். முதலில் செல்லமாக ஒரு தட்டு, பிறகு கொஞ்சம் பலமாக, பிறகு பெல்ட். மெல்ல மெல்லக் கூட்டினால் உடம்பும் மனசும் அதற்கேற்ப மரத்துக்கொண்டே வரும் என்பதும் அதே ஆய்வுகளில் இருக்கிறது. மருதநிலம் சொன்ன மூக்கு மாதிரி.

தண்டனை எதைச் செய்யக் கூடாது என்று மட்டும்தான் சொல்லும். கருப்பிக்கு எங்கே போக வேண்டும் என்று இதுவரை யாரும் சொல்லித்தரவில்லை.

#13 ஆவாரம்பூ

இடையில் ஒரு சந்தேகம். பதினைந்து நொடி தாமதித்தாலே பாடம் ஒட்டாது என்கிறீர்கள். கல்லூரி விடுதியில் ஒரு ராத்திரி முட்டை சால்னா சாப்பிட்டேன், விடியற்காலையில் வாந்தி. பன்னிரண்டு வருடம் ஆகிறது, அந்த வாசனை வந்தாலே இன்றும் குமட்டுகிறது. ஒரே ஒரு தடவை, அதுவும் ஆறேழு மணிநேரம் கழித்து. இது எப்படி?

#14 கல்யாணமுருங்கை

நல்ல கேள்வி. ஜான் கார்சியா இதைக் காட்டியபோது பல ஆராய்ச்சியாளர்கள் நம்பவே மறுத்தார்கள். 1966-ல் அவரும் கோலிங்கும் எலிகளுக்கு இனிப்பு நீர் கொடுத்தார்கள், குடிக்கும்போதே விளக்கு மின்னும், சத்தமும் வரும். அதன் பிறகு வயிற்றைக் கெடுத்த எலிகள் இனிப்பை வெறுத்தன, விளக்கையும் சத்தத்தையும் கண்டுகொள்ளவில்லை. மின்அதிர்ச்சி பெற்ற எலிகள் விளக்கையும் சத்தத்தையும் கண்டு பயந்தன, இனிப்பை வெறுக்கவில்லை. எதையும் எதோடும் ஒட்டிவிட முடியாது. வயிற்றுக் கோளாறை உடம்பு சுவையின் மேல்தான் போடும், அதற்காக மணிக்கணக்கில் பின்னோக்கிப் போகவும் தயாராக இருக்கும். விஷத்தைத் தின்ற விலங்கு பெரும்பாலும் உடனே விழுவதில்லை, சில மணிநேரம் கழித்துத்தான் சுருண்டு படுக்கும். அந்த இடைவெளியைத் தாண்டிக் கற்றவைதான் பிழைத்திருக்கும். சிறுநீருக்கும் பேப்பருக்கும் அப்படி எந்த உறவும் உடம்பில் எழுதப்படவில்லை.

#15 குதிரைவாலி

இரண்டு நாளாக எதுவும் எழுதவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் வாய்ப்பாட்டை அப்பா பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் கேட்பார். எட்டேழு எவ்வளவு என்ற இடத்தில் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். எனக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது, கணக்கு சொல்லித்தருகிறவன். இன்றும் போர்டில் எட்டேழு வந்தால் ஐம்பத்தாறு என்று எழுதுவதற்கு முன்னால் என் இடதுகை தானாக மூடிக்கொள்ளும். பிள்ளைகள் கவனித்திருக்கிறார்கள், "சார், ஏன் கையை மூடுறீங்க" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். நான் படித்தது அந்த பெல்ட்டால்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆனால் கணக்கு எனக்குப் பிடிக்கத் தொடங்கியது ஒன்பதாம் வகுப்பில். ஒரு வாத்தியார் என் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வழியை நான் யோசிக்கலையே" என்றார். அவர் ஒரு தடவைகூட அடித்ததில்லை.

அப்பாவைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பனங்காடு தம்பி, முதலில் நான் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

#16 பனங்காடு

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

உப்பாறு சொன்னபடி காட்டினோம். லேசான தொற்று இருந்தது, மருந்து கொடுத்தோம். மதியம் ஒரு மணிக்கு எதிர்வீட்டு அக்கா வந்து வெளியே கூட்டிப்போகிறார். வேப்பமரத்தடியில் போனால் போன நொடியிலேயே ஒரு துண்டு அவித்த கோழி. முதல் நான்கு நாள் அவர் முன்னால் போகவே இல்லை. ஐந்தாவது நாள் போனாள். இப்போது மரத்தடியில் போய்விட்டு அவர் கையைத் திரும்பிப் பார்க்கிறாள்.

பேரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டோம். அது கெட்டுப்போய்விட்டது என்று கல்யாணமுருங்கை அம்மா தனிமடலில் சொன்னார்கள். புதிதாக நாக்கைச் சொடுக்கிக் கூப்பிடுகிறோம், வந்தால் எப்போதும் நல்லதுதான் நடக்கும். வீட்டுக்குள் பத்துக்குப் பத்து வருகிறாள். தெருவில் வேறு நாய் இருந்தால் வருவதில்லை.

போன வாரம் இடி இடித்தது. மூன்று வாரமாகச் சுத்தமாக இருந்தவள் திரும்பவும் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டாள். எல்லாம் வீணாகிவிட்டதா?

#17 கல்யாணமுருங்கை

வீணாகவில்லை. 1924-ல் லெனின்கிராடில் வெள்ளம் வந்தபோது ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் ஆய்வுக்கூடத்து நாய்கள் கிட்டத்தட்ட மூழ்கிப் பிழைத்தன. சில நாய்கள் அதுவரை கற்றதை இழந்துவிட்டன. பொறுமையாகப் பழக்கித் திரும்பக் கொண்டுவந்தார்கள். பிறகு ஒருநாள் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டதும் ஒரு நாய் மறுபடி கலங்கிப்போயிற்று. பழைய பயம் அழிவதில்லை, அதன் மேல் புதிய பாடம் படிகிறது. பெரிய அதிர்ச்சி வந்தால் அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும். மறுபடி வேப்பமரத்திலிருந்து தொடங்குங்கள், முதல் தடவையைவிடச் சீக்கிரம் வரும்.

பேப்பர் பயத்துக்கு 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் செய்ததைச் செய்யலாம். முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டு முயலை அவன் கலங்காத தூரத்தில் வைத்தார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் முயலைக் கையால் தடவினான். தூரம்தான் முக்கியம். கருப்பி சாப்பிடுவதை நிறுத்தினால் நீங்கள் அதிகம் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

#18 பனங்காடு

அப்பாவிடம் சொன்னேன். ஒன்றும் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பேப்பரைத் திண்ணையின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் விரித்தார். சட்டைப்பையிலிருந்து இட்லித் துண்டு ஒன்றை எடுத்து நடையில் போட்டார். ஒவ்வொரு பக்கம் புரட்டும்போதும் ஒரு துண்டு. பதினொரு நாளாக இதைச் செய்துகொண்டிருக்கிறார், விளையாட்டுப் பக்கத்துக்கு வருவதற்குள் இரண்டு இட்லி தீர்ந்துவிடுகிறது.

இன்று காலை பேப்பர் விரிகிற சத்தம் கேட்டதும் கருப்பி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். அப்பா காலிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்தாள். படித்து முடித்து அவர் அதைச் சுருட்டியதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்பா சுருட்டியதைப் பிரித்து, மடித்து வைத்தார்.